அரைப் பசியின் நிறம்

தெலுக் இந்தான்காரர்களுக்குக் கடல் என்றால் பழுப்பு. பேராக் ஆறு ஊரை வளைத்துக்கொண்டு போய் பாகான் டத்தோ பக்கம் மலாக்கா நீரிணையில் சேர்வதற்குள் மாநிலத்து மண்ணையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்துவிடுகிறது. கரையில் அலையாத்தி மரங்கள், சேறு, சேற்றில் தத்தித் திரியும் மீன்கள். நீலம் பார்க்க வேண்டுமென்றால் நாட்டின் மறுகோடிக்கு, ரெடாங்குக்கோ பெர்ஹெந்தியானுக்கோ போகவேண்டும். இப்படிப்பட்ட ஊரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமான் வீட்டின் முன்கூடத்தில் நான்கடி நீளத்துக்கு நீலக் கடல் ஒன்று இருக்கிறது. கடலுக்குச் சொந்தக்காரர் செம்பனை ஆலையின் பரிசோதனைக்கூடத்தில் எண்ணெயின் அமிலத்தை அளந்தே ஓய்வு பெற்றவர். நான் அவரை அண்ணன் என்பேன்.

எண்ணெயை அளந்த அதே கை இப்போது உப்புத்தண்ணீரின் காரத்தன்மையை அளக்கிறது. சிறு கண்ணாடிக் குப்பியில் தொட்டித் தண்ணீர், அதில் இரண்டு சொட்டு நீலச் சாயம், பிறகு ஊசிக்குழலிலிருந்து சொட்டுச் சொட்டாக அமிலம். குப்பியை ஆட்டிக்கொண்டே இருக்கிறார். நீலம் கலைந்து இளஞ்சிவப்பு எட்டிப்பார்க்கும் கணத்தில் விரல் நிற்கிறது. ‘எட்டு’ என்கிறார். டிகேஎச் என்ற அலகில் எட்டு. கடல்நீரில் ஏறத்தாழ ஏழு இருக்கும். ஏழுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் ஆடாமல் நின்றால் போதும் என்பது அவர் கணக்கு. அளவைவிட ஆடாமல் இருப்பதுதான் முக்கியம் என்பதைப் பவளம் வளர்ப்பவர் எல்லோருமே சொல்வார்கள். சொல்லிவிட்டு, அடுத்த வாரமே புதிதாக எதையாவது வாங்கி ஊற்றுவார்கள்.

அவருடைய மனக்குறை வேறு. ‘கடையில பார்த்தப்ப கிளிப்பச்சை தம்பி, நுனியெல்லாம் ஊதா. வீட்டுக்கு வந்து ஒரு மாசம் ஆகல, பாரு, கித்தா மரத்துப் பட்டை.’ அவர் காட்டியது அக்ரொபோரா என்ற கிளைப்பவளம். செத்துவிடவில்லை. நன்றாகவே இருந்தது. கிளைகளின் நுனியில் வெளுத்த வளையம் தெரிந்தது, அதாவது வளர்கிறது. பழுப்பாகிவிட்டது என்ற ஒன்றுதான் குற்றம். பவளத் தொட்டி வைத்திருக்கிறவர்களிடம் பேசினால் பேச்சில் முக்கால்வாசி இந்தக் குற்றத்தைச் சுற்றித்தான் ஓடும். பழுப்பை எப்படி விரட்டுவது, நிறத்தை எப்படி வரவழைப்பது. அந்தக் கேள்வியே எனக்குக் கொஞ்சம் கோணலாகப் படுகிறது.

பழுப்பு யாருடைய நிறம்? பவளத்தினுடையது இல்லை. பவளப் பூச்சியின் திசுவுக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர செண்டிமீட்டர் இடத்தில் பத்து இலட்சத்துக்கு மேல். வெயிலைப் பிடித்து அவை சர்க்கரை சமைக்கின்றன. அதில் பெரும்பங்கு பவளத்துக்குப் போகிறது. பவளத்துக்குத் தேவைப்படும் ஆற்றலில் தொண்ணூறு சதவீதம்வரைகூட இந்தக் குடித்தனக்காரர்கள் தரக்கூடும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பழுப்பு அவற்றின் நிறம். தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் தாராளமாகக் கிடைத்தால் பாசிகள் பெருகும், பவளம் பழுப்பாகும். நம் கண்ணுக்கு அழுக்காகத் தெரிவது, பவளத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறைந்த அடுப்படி.

பச்சை, ஊதா போன்றவைதான் பவளம் தன் கையால் செய்துகொள்கிற நிறங்கள். அவை புரதங்கள். 1962இல் ஒசாமு ஷிமோமுரா ஒரு ஜெல்லிமீனிலிருந்து பச்சையாக ஒளிரும் புரதத்தைப் பிரித்தெடுத்தார். உயிரணுவுக்குள் நடப்பதைப் பார்ப்பதற்கு அந்தப் புரதம் விளக்காகப் பயன்பட்டு, 2008இல் அவருக்கும் மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் வேதியியல் நோபல் கிடைத்தது. அதே குடும்பத்துப் புரதங்கள் பவள இனங்களிலும் இருக்கின்றன என்று 1999இல் மாஸ்கோ ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அவர்கள் அதற்காகக் கடலுக்குப் போகவில்லை. மாஸ்கோவிலேயே தொட்டிகளில் வளர்ந்துகொண்டிருந்த உயிர்களிலிருந்து எடுத்தார்கள். சிவப்பாக ஒளிரும் புரதம் ஒன்று அப்படித்தான் உலகத்து ஆய்வுக்கூடங்களுக்குள் நுழைந்தது. வீட்டுத் தொட்டியை வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்று சொல்பவர்களுக்காக இதை நினைவில் வைத்திருக்கிறேன்.

இந்தப் புரதங்களைப் பவளம் அழகுக்காகச் செய்வதில்லை. ஆழமில்லாத நீரில் வெயில் மிஞ்சும்போது உள்ளே இருக்கும் பாசிகள் திணறுகின்றன. அப்போது பவளம் தன் திசுவில் நிறத்தைக் கூட்டி, வெயிலின் ஒரு பகுதியை வடிகட்டி, குடித்தனக்காரர்களுக்கு நிழல் தருகிறது. எந்த வெளிச்சம் இந்த வேலையைத் தொடங்கிவைக்கிறது என்று சவுத்தாம்டன் பல்கலைக்கழகத்துப் பவள ஆய்வுக்கூடத்தார் தேடினார்கள். நீல வெளிச்சம் என்று 2008இல் எழுதினார்கள். ஒரே இனத்தில் ஒன்று பளீரென்றும் இன்னொன்று மங்கலாகவும் ஏன் இருக்கிறது என்பதற்கும் அவர்களிடம் விடை உண்டு. அந்தப் புரதத்துக்கான மரபணு எத்தனை படிகளாக இருக்கிறது, அவற்றில் எத்தனை வேலை செய்கின்றன என்பதைப் பொறுத்து நிறம் மாறுகிறது. இரத்தத்திலேயே இல்லாத நிறத்தை எந்தக் குப்பி மருந்தும் கொண்டுவராது. குப்பிகள் என்னவோ விற்றுக்கொண்டுதான் இருக்கின்றன.

ஆக, நிறம் கூட்டும் கலை இரண்டே வழிகளில் போகிறது. ஒன்று வெளிச்சத்தைக் கூட்டுவது, அதிலும் நீலத்தைக் கூட்டுவது. பவளம் மிரண்டு குடை பிடிக்கும். இன்னொன்று சோற்றைக் குறைப்பது. பாசிகள் மெலிந்து பழுப்புத் திரை விலகும். வெளிச்சத்தை ஒரே நாளில் ஏற்றினால் பவளம் வெந்துபோகும், வாரக்கணக்கில் படிப்படியாக ஏற்றவேண்டும். சோறு குறைப்பதில்தான் வேடிக்கை. தொட்டியில் வோட்கா ஊற்றுகிறார்கள். சாராயத்தைத் தின்று தண்ணீரில் நுண்ணுயிர்கள் பெருகும், பெருகும்போது நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும், அந்த நுண்ணுயிர்களை ஸ்கிம்மர் என்ற கருவி நுரையோடு வெளியே தள்ளிவிடும். வோட்காவுக்குப் பதில் வெள்ளை வினிகரும் ஊற்றலாம். அண்ணன் வினிகர் கட்சி. ‘தோட்டத்துல சாராயத்தால அழிஞ்ச குடும்பம் போதும், மீனுமா குடிக்கணும்’ என்பார்.

இந்தப் பட்டினி வைத்தியம் சில ஆண்டுகள் ஒரு வெறியாகவே இருந்தது. தண்ணீரில் எதுவும் இருக்கக்கூடாது, அளவுகருவி சுழியம் காட்டவேண்டும். அப்படி வளர்ந்த பவளங்கள் மிட்டாய் நிறத்தில், இளநீலமும் இளஞ்சிவப்புமாகப் படங்களில் வந்தன. பார்ப்பதற்கு என்னவோ போலிருக்கும். அவை பாசிகளை இழக்கும் வெளிறலின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தன என்று இப்போது சொல்லமுடிகிறது. 2013இல் அதே சவுத்தாம்டன் குழு இன்னொன்றையும் காட்டியது. நைட்ரேட் ஏராளமாக இருந்து பாஸ்பேட் மட்டும் வற்றிப்போனால், பாசிகளின் சவ்வே கோளாறாகி, கொஞ்சம் சூடோ வெளிச்சமோ ஏறினாலும் பவளம் வெளிறிவிடுகிறது. பிசாசு என்று எல்லோரும் துரத்திய பாஸ்பேட் உயிர்த்தேவையாக மாறிற்று. இன்று நிதானமானவர்கள் லிட்டருக்கு 0.03இலிருந்து 0.1 மில்லிகிராம்வரை பாஸ்பேட்டையும், அதற்கேற்ப இரண்டிலிருந்து பத்து மில்லிகிராம்வரை நைட்ரேட்டையும் விட்டுவைக்கிறார்கள். முன்பு பாஸ்பேட்டை உறிஞ்சும் இரும்புத் துகளைக் காசு கொடுத்து வாங்கிய அதே ஆட்கள் இப்போது பாஸ்பேட்டையே குப்பியில் வாங்கி ஊற்றுகிறார்கள்.

அண்ணனின் தாயார் பால்மரம் சீவியவர். இந்தப் பக்கம் 1906இல் ஆகே வெஸ்தென்ஹோல்ஸ் என்ற டேனிஷ் பொறியாளர் ஜெண்டராத்தாவில் கித்தா எனும் ரப்பருக்குத் தோட்டம் தொடங்கியதிலிருந்து எத்தனையோ தமிழ்க் குடும்பங்களின் விடியற்காலை அந்த வேலையில் போயிற்று. சீவுகிறவருக்கு ஒரே விதிதான்: பட்டையை எடு, கட்டையைத் தொடாதே. மரத்தின் உயிர்ப்படலத்துக்கு ஒரு மில்லிமீட்டர் இப்பால் கத்தி நிற்கவேண்டும். ஆழமாகப் போனால் மரத்தில் புண் முண்டு முண்டாக ஆறும், மறுபடி அந்த இடத்தில் சீவமுடியாது, மேற்பார்க்கும் மண்டோர் ஏசுவார். மேலாகப் போனால் பால் பிடிக்கும் மங்கு நிறையாது, அதற்கும் மண்டோர் ஏசுவார். பால் என்பது மரம் தன் காயத்துக்குக் காட்டும் எதிர்ப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த எதிர்ப்பைக் கிளப்பி, ஆனால் மரம் சாகாமல் பார்த்துக்கொண்டு, அதிலிருந்து ஒரு பொருளாதாரமே நடந்தது. அளவு மிஞ்சிச் சீவினால் பால் வற்றிப் பட்டை உள்ளே பழுப்படித்துவிடும். பவளத்தின் நிறமும் இந்த வகையைச் சேர்ந்ததுதான். அடிவாங்கும்போது அது எடுக்கிற கேடயத்தை நாம் அறுவடை செய்கிறோம். கத்தி எங்கே நிற்கவேண்டும் என்பதுதான் முழு வித்தையும். இதை அண்ணனிடம் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘அப்ப நான்தான் மண்டோரா’ என்று கேட்டார்.

தமிழ்க் காதுக்குப் பவளம் என்றால் சிவப்பு. நவமணிகளில் ஒன்று, செவ்வாய்க்கு உரியது. ஈப்போ லிட்டில் இந்தியாவின் நகைக்கடையில் மோதிரத்தில் பதித்துத் தருவார்கள். அது இந்தக் கடல்களின் பவளம் இல்லை. மத்தியதரைக் கடலிலிருந்து வந்தது. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த எரித்ரேயக் கடல் பெரிப்ளூஸ் முசிறிப் பக்கத்துக்கு வந்திறங்கும் சரக்குகளில் பவளத்தையும் சேர்த்திருக்கிறது. நம்மவர்கள் முத்தைக் கொடுத்தார்கள், பவளத்தை வாங்கினார்கள். அந்தச் செம்பவளத்தின் நிறம் கல்லுக்குள்ளேயே ஊறியிருக்கிறது. உயிர் போய் நூற்றாண்டுகள் ஆனாலும் கழுத்தில் சிவந்து கிடக்கும். பவளத்திட்டு கட்டும் பவளங்களின் கல்லோ வெறும் வெள்ளை. நிறம் முழுவதும் மேலே போர்த்திய மெல்லிய தசையில் இருக்கிறது. அந்தத் தசை நேற்று என்ன தின்றது, இன்று எவ்வளவு வெயில் கண்டது என்பதைப் பொறுத்து அது மாறிக்கொண்டே இருக்கும். வாங்கி வைத்துக்கொள்ளக்கூடிய பொருளாக நிறத்தை நினைப்பது நகைக்கடைப் பழக்கம். தொட்டிக்கு அது ஒத்துவருவதில்லை.

வெள்ளைக் கல்லுக்கும் நமக்கும் இன்னொரு கணக்கு பாக்கி இருக்கிறது. மன்னார் வளைகுடாவில் முருகைக்கல்லைப் பெயர்த்துக் காளவாயில் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள். வீடு கட்டக் கல், ஆலைகளுக்குச் சுண்ணாம்பு. இருபத்தொரு தீவுகளில் தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போனதற்கு இந்தத் தோண்டல் பெரிய காரணம். 2001இல் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பவளங்கள் சேர்ந்தன. புலிக்கு உள்ள காப்பு முருகைக்கல்லுக்கும் வந்தது. இங்கே தெலுக் இந்தானில் அண்ணன் இரவு விளக்கணைந்த பிறகு ஒரு குடுவையிலிருந்து தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சொட்டவிடுகிறார். பகலில் ஆவியான தண்ணீருக்கு ஈடாக அது விடியும்வரை சொட்டும். பவளம் அதிலிருந்து கால்சியத்தை எடுத்து எலும்பு கட்டிக்கொள்ளும். 1970களில் சுவிட்சர்லாந்தின் பீட்டர் வில்கென்ஸ் பரப்பிய முறை இது. வெற்றிலைக்குத் தடவுகிற அதே சரக்குதான், சுத்தம் மட்டும் கூடுதல். பவளத்தைச் சுட்டால் சுண்ணாம்பு, சுண்ணாம்பைக் கரைத்தால் பவளம். முதலாவதற்கு ஒரு இரவுச் சூளை போதும். இரண்டாவதற்குப் பொறுமை வேண்டும்.

தண்ணீர் கதை சுருக்கமானது. ஊரில் 1885இல் கட்டிய சாய்ந்த கோபுரம் மணிக்கூண்டாக மட்டும் இருக்கவில்லை, அதன் உச்சியில் ஊருக்கான தண்ணீர்த் தொட்டியும் இருந்தது. இன்று குழாயில் வரும் தண்ணீர் நமக்குப் போதும், பவளத்துக்குப் போதாது. சவ்வு வடிகட்டியில் எல்லாவற்றையும் கழித்து, வெறும் தண்ணீராக்கி, உப்பைக் கலந்து, மறுபடி கடலாக்கவேண்டும். வெளியே முப்பத்திரண்டு பாகை கொளுத்தும்போது தொட்டி இருபத்தாறில் நிற்க சில்லர் இரவும் பகலும் ஓடும். ஜெர்மன்காரர் தண்ணீரைச் சூடாக்கக் காசு செலவழிக்கிறார், நாம் குளிர வைக்க. பவளக் கடல் பக்கத்திலேயே இருக்கிற நமக்கு இது ஒரு தமாஷ்தான். 1961இல் ஜகார்த்தாவின் லீ சின் எங், வடிகட்டி எதுவும் இல்லாமல் உயிருள்ள பாறையும் காற்றுக்குமிழும் வெயிலும் வைத்தே தொட்டியில் பவளம் வளர்ப்பதை அமெரிக்கப் பத்திரிகையில் எழுதினார். ஐரோப்பியர்கள் அந்த வழிக்கு வந்துசேர வெகுகாலம் பிடித்தது. ஸ்கிம்மரும் சேர்ந்து, பெயர் பெர்லின் முறை என்று ஆயிற்று.

சரக்கு எங்கிருந்து வருகிறது என்பதை வாங்குகிறவர்கள் அதிகம் கேட்பதில்லை. மலேசியக் கடல் பூங்காக்களில் பவளத்தைத் தொடுவது 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். கல்பவளங்கள் எல்லாம் சைட்டிஸ் என்ற சர்வதேச வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளவை, தாள் இல்லாமல் எல்லை தாண்டக்கூடாது. சந்தையின் பெரும் ஊற்றான இந்தோனேசியா 2018இல் ஏற்றுமதியை நிறுத்தி, 2020இல் மறுபடி திறந்தது. கதவு மூடியிருந்த காலத்தில் வீட்டில் வளர்த்து ஒடித்து விற்பவர்களுக்கு மவுசு கூடியது. விரல்நுனி அளவுத் துண்டு ஒன்றை வட்டக் கல்லில் ஒட்டினால் அதுவே ஒரு நாற்று. நல்லதுதான். ஆனால் நாற்றின் விலையை அதன் நிறம் தீர்மானிக்கிறது, நிறத்தைக் கடையின் விளக்கு தீர்மானிக்கிறது. சுத்த நீல விளக்கின் கீழ் பழுப்பு மறைந்துபோகும், ஒளிர்கிற பச்சை மட்டும் துள்ளிக்கொண்டு நிற்கும். அண்ணன் வாங்கிய கிளிப்பச்சையில் பாதி அந்த விளக்கினுடையது.

நிறத்தை நலத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வதில் இருக்கும் ஆபத்தைக் கடலே காட்டிவிட்டது. 2010 ஜூலையில் தண்ணீர் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது தியோமான், ரெடாங், பாயார் பக்கம் முக்குளிப்பு இடங்களை மூடினார்கள். நான்காவது உலகளாவிய வெளிறல் அறிவிக்கப்பட்ட 2024ஆம் ஆண்டிலும் நம் கடல் பூங்காக்கள் தப்பவில்லை. வெளிறல் என்றால் வெள்ளை என்றுதான் எல்லோரும் நினைப்போம். சில இடங்களில் அப்படி நடப்பதில்லை. பாசிகள் போன பிறகு, வெள்ளை எலும்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சமும் சேர்ந்து தாக்க, பவளம் தன் நிறப்புரதங்களை அள்ளி இறைத்து நியான் ஊதாவாகவும் மஞ்சளாகவும் எரிகிறது. நியூ கலிடோனியாவில் படமெடுத்த அந்தக் காட்சியை 2017இன் ‘சேஸிங் கோரல்’ படத்தில் பார்த்தவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நிழல் கூட்டி, பாசிகளைத் திரும்ப அழைக்கும் முயற்சியாக இது இருக்கலாம் என்று 2020இல் ஆய்வாளர்கள் விளக்கினார்கள். வெப்பம் நீடித்தால் முயற்சி பலிப்பதில்லை. அந்த நிறங்களைப் பிரதியெடுத்து 2019இல் பான்டோன் நிறுவனம் விழிப்புணர்வுக்காகச் சாயப் பட்டியலாகவும் வெளியிட்டது. நல்ல நோக்கம்தான். இருந்தாலும், உயிர் ஊசலாடும் நேரத்து நிறத்துக்கு எண்ணும் பெயரும் போட்டுச் சீட்டாக அச்சிட்டதை நினைத்தால் எனக்குச் சரியாகச் செரிக்கவில்லை.

நம் பக்கத்துப் பவளங்களை யாரும் படம் எடுப்பதில்லை. பங்கோருக்குத் தெற்கே புலாவ் செம்பிலானைச் சுற்றிக் கலங்கல் நீரில் பவளங்கள் இருக்கின்றன. சிங்கப்பூர்த் துறைமுகத்தின் கப்பல்களுக்கு நடுவே, வெளிச்சம் சில மீட்டருக்குக் கீழே எட்டாத நீரிலும் இருக்கின்றன. பெரும்பாலும் பழுப்பு, சாம்பல் பச்சை, மண்நிறம். வெளிச்சம் குறைவு, அதனால் குடை வேண்டாம். கலங்கலில் தீனி வருகிறது, அதனால் பசி இல்லை. நீலக்கடல் படங்களை வைத்து அளந்தால் இவை தோற்றுப்போனவை. எனக்கு இவற்றின்மேல் ஒரு ஊர்ப்பாசம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

அண்ணன் வினிகரை நிறுத்திவிட்டார். மீனுக்குத் தாராளமாகப் போடுகிறார், நீல விளக்கோடு வெள்ளையும் சேர்த்து எரிகிறது. அந்த அக்ரொபோரா இப்போது வெயில்படும் மேற்கிளைகளில் பச்சை, நுனியில் மங்கிய ஊதா, அடியில் நிழல்பட்ட இடமெல்லாம் பழுப்பு. தடித்துவிட்டது. ஒடித்துத் துண்டுகள் விற்கிறார். ஈப்போவிலிருந்தும் சித்தியவானிலிருந்தும் வாட்ஸாப்பில் கேட்கிறார்கள். நீல விளக்கில் ஒரு படம், வெள்ளை விளக்கில் ஒரு படம், இரண்டையும் அனுப்பிவைக்கிறார். இரண்டாவது படத்தைப் பார்த்த பிறகு பாதிப்பேர் பதில் போடுவதில்லை.